பரப்பளவு 0.7, அழுத்தம் 28

கும்பகோணத்தில் ஒரு நடுத்தர மருத்துவமனையில், கேளா ஒலியால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ பரிசோதனை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றோடுதான் வருவார்கள். எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. தாள், இரத்தப் பரிசோதனைச் சீட்டு, எங்கோ எப்போதோ எடுத்த எக்கோ ரிப்போர்ட் எல்லாம் அதற்குள் இருக்கும். வலங்கைமான், குடவாசல், நாச்சியார்கோயில், பந்தநல்லூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து காலை பஸ் பிடித்து வந்திருப்பார்கள். ரிப்போர்ட்டில் வால்வு சுருங்கியிருப்பதாக எழுதியிருக்கிறது என்று யாராவது படித்துச் சொல்லியிருப்பார்கள். உட்கார்ந்ததும் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதைவிடப் பெரிய ஸ்கேன் எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா, டாக்டரம்மா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கவலை எனக்குப் புரிகிறது. நகையை அடகு வைத்தாவது செலவு செய்யத் தயாராக இருக்கிறார்கள். செய்த செலவுக்கு ஒரு முடிவு தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் செலவு கூடக் கூட உண்மை துலங்கும் என்ற கணக்கு இதய வால்வு விஷயத்தில் எடுபடாது. எக்கோ, சி.டி., எம்.ஆர்.ஐ., உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ, கதீட்டர் ஆகிய ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லும். முதல் பரிசோதனை எந்தக் கேள்வியைத் தீர்க்காமல் விட்டிருக்கிறது என்று பார்க்காமல் அடுத்ததை எழுதிக் கொடுத்தால் பைதான் கனக்கும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதயத்தின் இடது கீழறையிலிருந்து இரத்தம் உடம்புக்குப் புறப்படும் வாசலில் இருப்பது பெருந்தமனி வால்வு. மருத்துவமனைப் பேச்சில் அயோர்ட்டிக் வால்வு. நல்ல நிலையில் அது திறக்கும்போது 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை வழிவிடும். வயதாக ஆக அதன் மூன்று இதழ்களிலும் கால்சியம் படிந்து விறைத்துப்போகிறது. சிலருக்குப் பிறவியிலேயே மூன்றுக்குப் பதிலாக இரண்டு இதழ்கள் இருக்கும். அவர்களுக்கு இந்தச் சுருக்கம் மற்றவர்களைவிட முன்னதாகவே வந்துவிடும். வழி 1 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் கடுமையான சுருக்கம் என்கிறோம். மூச்சு வாங்குவது, நெஞ்சை அடைப்பது, மயங்கி விழுவது ஆகிய மூன்றில் ஒன்று தலைகாட்டிவிட்டால் தாமதிக்கக் கூடாது. 1968-இல் ராஸ், பிரவுன்வால்ட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய கட்டுரை, அறிகுறி தொடங்கிய பின் வால்வை மாற்றாமல் விட்டால் சராசரியாக இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளே மிச்சம் என்று காட்டியது. சுருங்கிய வால்வை விரியச் செய்யும் மாத்திரை இன்றைக்கும் கிடையாது. மாற்றத்தான் வேண்டும். அதனால்தான் கடுமையா, நடுத்தரமா என்று ரிப்போர்ட்டில் எழுதும் அந்த ஒற்றை வார்த்தைக்கு இவ்வளவு கனம். நடுத்தரத்தைக் கடுமை என்று எழுதினால் தேவையில்லாமல் நெஞ்சைத் திறக்க நேரிடும். கடுமையை நடுத்தரம் என்று எழுதினால் ஓர் ஆள் வீட்டிலேயே இருந்து இறந்துபோவார்.

படம் எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. "மூச்சு வாங்குகிறதா?" என்று நேராகக் கேட்டால் டெல்டாவின் வயதான பெண்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். நான் அப்படிக் கேட்பதில்லை. "போன சம்பாவுக்கு நாற்றுப் பறிக்கப் போனீர்களா, அம்மா?" என்று கேட்பேன். "இல்லை, மருமகள்தான் போகிறாள்." "குளத்துக்கு?" "வீட்டிலேயே குழாய் வந்துவிட்டதே." "கோயிலுக்கு?" "வெள்ளிக்கிழமை போய்க்கொண்டிருந்தேன், இப்போது போவதில்லை. வயதாகிவிட்டதில்லையா?" நோயாளி சொல்லாமல் விட்ட இளைப்பு இந்தப் பதில்களில் இருக்கிறது. மூச்சு வாங்காத அளவுக்கு வேலையைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். அவரும் கவனிக்கவில்லை, வீட்டாரும் கவனிக்கவில்லை. கூட வந்திருக்கும் மகளிடம் "இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தார்கள்?" என்று கேட்டால் இன்னும் தெளிவாகும். அடுத்தது ஸ்டெதாஸ்கோப். மார்பெலும்புக்கு வலப்பக்கம், மேலே, கரகரவென்று கேட்கும் முணுமுணுப்பு கழுத்து வரை ஏறும். இதயத்தின் இரண்டாவது ஒலி மங்கிப்போய், கழுத்து நாடி மெதுவாக, தயங்கித் தயங்கி எழும்பினால், எக்கோவில் என்ன எண் வந்தாலும் எனக்குச் சந்தேகம் தீராது. கை சொல்வதும் இயந்திரம் சொல்வதும் ஒத்துவராதபோது இயந்திரத்தை மறுபடி சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எக்கோவின் கதையே சுருங்கிய வால்வில்தான் தொடங்குகிறது. 1953-இல் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரத்தில் இங்கே எட்லர் என்ற மருத்துவர், இதயத்தின் இடது பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியவர்களை அறுவை சிகிச்சைக்கு அனுப்பும் முன் வால்வின் நிலையைத் தெரிந்துகொள்ள வழி தேடிக்கொண்டிருந்தார். ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளர் துணைக்கு வந்தார். உலோகத்துக்குள் இருக்கும் விரிசலைக் கேளா ஒலியால் கண்டுபிடிக்கும் கருவி மால்மோ நகரத்துக் கப்பல் கட்டும் தளம் ஒன்றில் இருந்தது. அதைப் பயன்படுத்திப் பார்த்ததில் பிறந்ததுதான் இன்றைய எக்கோ. அப்போதெல்லாம் வால்வு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டுமானால் இரத்தக் குழாய் வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு அழுத்தத்தை அளந்து, 1951-இல் கோர்லின் என்ற பெயர் கொண்ட இருவர் கொடுத்த சூத்திரத்தில் போட்டுக் கணக்கிட வேண்டும். அந்தக் கட்டாயத்தை நீக்கியது, ஒலியை அனுப்பி இரத்தத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் முறை. 1970-களின் பிற்பகுதியில் நார்வேயில் ஹோலன் முதலில், பின்பு ட்ரான்ட்ஹைமில் லிவ் ஹாட்லே என்ற பெண் மருத்துவரும் அவர் குழுவினரும், வெளியிலிருந்தபடியே இரத்தத்தின் வேகத்தை அளந்து வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டைச் சொல்லிவிடலாம் என்று காட்டினார்கள். ஊசியும் கீறலும் இல்லாமல் நாங்கள் இன்று சொல்வதெல்லாம் அவர்கள் போட்ட அடித்தளத்தின் மேல்தான்.

கணக்கு எளிமையானது. வால்வைத் தாண்டும் இரத்தத்தின் வேகத்தை அதனாலேயே பெருக்கி, வந்ததை நான்கால் பெருக்கினால் உச்ச அழுத்த வேறுபாடு கிடைக்கும். வினாடிக்கு 4 மீட்டர் என்றால் 64 மில்லிமீட்டர் பாதரசம். உச்ச வேகம் 4 மீட்டரோ அதற்கு மேலோ, சராசரி அழுத்த வேறுபாடு 40-ஓ அதற்கு மேலோ, பரப்பளவு 1-க்குக் கீழோ இருந்தால் கடுமையான சுருக்கம். மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் வேறு ஸ்கேன் எதுவும் வேண்டாம், சுருக்கத்தின் அளவு முடிவாகிவிட்டது. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் அமையும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், எக்கோவில் எல்லாம் பொருந்தி வந்த பிறகும் "எதற்கும் ஒரு சி.டி. எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் அலைந்துவிட்டு வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அந்த அலைச்சலில் போகும் நாட்களும் பணமும் அறுவை சிகிச்சைக்குப் பயன்பட்டிருக்கலாம்.

ஆனால் அந்த எக்கோ பொறுமையாக எடுத்ததாக இருக்க வேண்டும். டாப்ளர் கதிர் இரத்தம் பாயும் திசைக்கு நேராக இருந்தால்தான் முழு வேகமும் பதிவாகும். கோணம் 30 டிகிரி விலகினால் வேகம் 13 சதவீதம் குறைவாகத் தெரியும். வேகத்தின் வர்க்கத்தைப் பெருக்குவதால் அழுத்தம் கால்பங்கு குறைந்துவிடும். வயதானவர்களுக்குப் பெருந்தமனி வளைந்து திரும்பியிருப்பதால், இதயத்தின் நுனிப்பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தால் உண்மையான வேகம் சிக்காமல் போகலாம்.

பாபநாசம் பக்கத்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரைச் சொல்கிறேன். இடதுபுறம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடது மார்புக்குக் கீழே ப்ரோபை, அதாவது ஒலியை அனுப்பி வாங்கும் கைக்கருவியை, வைத்துப் பார்த்தபோது உச்ச வேகம் 3.4. உச்ச அழுத்தம் 46. நடுத்தரம் என்று எழுதி அனுப்பக்கூடிய எண். அவருடைய கழுத்து நாடி அதற்கு ஒத்துவரவில்லை. "ஐயா, அப்படியே வலது பக்கம் திரும்பிப் படுங்கள்" என்றேன். ஜெல்லைத் துடைத்துவிட்டு, படம் காட்டாத, வேகத்தை மட்டும் கேட்கும் பென்சில் ப்ரோபை எடுத்தேன். பேனாவைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கும், அவ்வளவுதான். மார்பெலும்பின் வலது ஓரத்தில், இரண்டாவது மூன்றாவது விலா எலும்புகளுக்கு இடையில் அழுத்தி வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னேன். இந்தக் கருவியில் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் வேலை. முதலில் மந்தமான சரசரப்பு. ப்ரோபை நுனிவிரலால் இம்மி இம்மியாகச் சாய்க்கச் சாய்க்கச் சத்தம் மெலிந்து, கூர்மையாகி, மேலே ஏறியது. திரையில் வளைகோடு 4.3-ஐத் தொட்டது. உச்ச அழுத்தம் 74. அதே ஆள், அதே வால்வு, அதே காலை வேளை. வலது பக்கம் திரும்பிப் படுத்ததில் நடுத்தரம் கடுமையானது.

அந்தச் சில நிமிடங்களுக்கு எந்த மருத்துவமனையும் தனியாகக் கட்டணம் வாங்குவதில்லை. அதனாலேயே கூட்டம் நெருக்கும் இடங்களில் அது முதலில் விடுபடுகிறது. நுனிப்பக்கம், கழுத்துக் குழி, வலது மார்போரம் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் பார்த்து, அதிகபட்ச வேகம் எங்கே கிடைத்தது என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். என் பார்வையில், எக்கோ பார்ப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம் இது.

இன்னொரு சிக்கல் பரப்பளவில் இருக்கிறது. வால்வுக்குச் சற்றுக் கீழே இரத்தம் வெளியேறும் பாதையின் விட்டத்தை அளந்து, அதிலிருந்து வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டு, அதை வைத்து வால்வின் பரப்பை வருவிக்கிறோம். விட்டம் 2.0 சென்டிமீட்டர் என்றால் பாதையின் பரப்பு 3.14. கர்சர் கொஞ்சம் உள்ளே விழுந்து 1.8 என்று அளந்துவிட்டால் 2.54. திரையில் இரண்டு மில்லிமீட்டர் பிசகியதற்கு விடையில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விடுகிறது. அந்தப் பாதை உண்மையில் முழு வட்டமாகவும் இருப்பதில்லை, முட்டை வடிவம். அதனால் வேகமும் அழுத்தமும் ஒருபுறம், பரப்பளவு மறுபுறம் என்று பிரிந்து நிற்கும் ரிப்போர்ட்டைப் பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவது விட்டத்தைத்தான். ஆளின் உருவத்தையும் பார்க்க வேண்டும். நாற்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 0.9 போதுமான வழியாக இருக்கலாம். தொண்ணூறு கிலோ ஆணுக்கு அது போதாது. உடலின் பரப்பளவால் வகுத்து, ஒரு சதுர மீட்டருக்கு 0.6-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் எண்கள் ஒத்துவராமல் நிற்பதுண்டு. உண்மையில் ஸ்கேன் தேர்வு என்ற பேச்சே இங்கேதான் தொடங்க வேண்டும்.

குடவாசல் பக்கத்திலிருந்து எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் வந்தார். கையில் இருந்த ரிப்போர்ட்டில் பரப்பளவு 0.7, சராசரி அழுத்தம் 28. முதல் எண்ணைப் படித்த ஒருவர் உடனே அறுவை சிகிச்சை என்றிருக்கிறார். இரண்டாவது எண்ணைப் படித்த இன்னொருவர் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார். மகன் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தார். நான் மறுபடி எடுத்துப் பார்த்தேன், அதே எண்கள்தான். பம்பிங், அதாவது இதயம் இரத்தத்தை வெளியே தள்ளும் திறன், நன்றாக இருந்தது. ஆனால் இடது கீழறை சிறுத்து, சுவர் தடித்திருந்தது. சுருங்கி விரிவதெல்லாம் சரி, அறை சிறியது என்பதால் ஒரு துடிப்புக்கு 50 மில்லிலிட்டர்தான் வெளியேறியது. அவருடைய உடல் பரப்பளவு 1.5 சதுர மீட்டர், வகுத்தால் 33. ஒரு சதுர மீட்டருக்கு 35-க்குக் கீழே இருந்தால் ஓட்டம் குறைவு என்று பொருள். ஓட்டம் குறைந்தால் வால்வு எவ்வளவு குறுகியிருந்தாலும் அழுத்தம் ஏறாது.

போதாததற்கு, அன்றைக்கு அவருடைய இரத்த அழுத்தம் மேல் எண் 190. முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் காலை மாத்திரையைப் போடாமல் வந்திருந்தார். இரத்த அழுத்தம் அந்த அளவில் இருக்கும்போது எடுத்த எக்கோவை வைத்து வால்வைத் தீர்மானிக்கக் கூடாது. இதயம் வால்வையும் தள்ள வேண்டும், அதற்கப்பால் இருக்கும் விறைத்த குழாய்களையும் தள்ள வேண்டும் என்பதால் ஓட்டம் இன்னும் குறைந்து காட்டும். மாத்திரையைச் சரிசெய்து சில வாரம் கழித்து 140-இல் வைத்துப் பார்த்தபோது வால்வின் சராசரி அழுத்தம் 31, பரப்பளவு 0.75. கொஞ்சம் நகர்ந்தது, ஆனால் முரண் தீரவில்லை.

எக்கோவால் இதற்கு மேல் சொல்ல முடியாது. ஓட்டத்தைச் சார்ந்த எல்லா அளவுகளும் ஓட்டம் குறையும்போது தடுமாறும். அப்படியானால் ஓட்டத்தையே சாராத ஒன்றைக் கேட்க வேண்டும். வால்வில் எவ்வளவு கால்சியம் இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சாய மருந்து ஏற்றாத சாதாரண சி.டி. படுத்து, மூச்சைச் சில வினாடி நிறுத்தினால் முடிந்தது. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் கூடியிருந்தது. சிறுநீரகத்துக்குக் கேடு வராத ஸ்கேன் என்பது அவருக்குப் பெரிய விஷயம். கால்சியத்தை 1990-இல் அகட்ஸ்டன் குழுவினர் வகுத்த முறையில் எண்ணுகிறார்கள். ஆணுக்கு 2,000, பெண்ணுக்கு 1,200 என்பதைத் தாண்டினால் கடுமையான சுருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆணுக்கு 3,000, பெண்ணுக்கு 1,600 என்றால் அநேகமாக உறுதி. பெண்ணுக்கு ஏன் குறைவு என்றால், பெண்களின் வால்வு கால்சியத்தால் மட்டுமல்லாமல் நார்த்திசு தடித்தும் விறைக்கிறது. ஆணுக்கான எண்ணை வைத்துப் பெண்ணைத் தீர்மானித்தால் கடுமையான நோயை லேசாக எடுத்துக்கொண்டதாகிவிடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு அளவு என்பதை எழுதாத ரிப்போர்ட் எனக்கு வந்தால் நான் தொலைபேசியை எடுத்துவிடுவேன்.

அந்த அம்மாவுக்கும் எடுத்தேன். தஞ்சாவூரில் ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் பேசி, "கரோனரிக் குழாய் கால்சியம் வேண்டாம், வால்வில் இருப்பதை மட்டும் தனியாக எண்ணிக் கொடுங்கள், பெருந்தமனிச் சுவரில் படிந்திருப்பதையும் மைட்ரல் வளையத்தில் இருப்பதையும் சேர்க்காதீர்கள்" என்று சொல்ல வேண்டியிருந்தது. மாரடைப்பு அபாயத்தைக் கணக்கிட எடுக்கும் கால்சியம் ஸ்கேனும் இதே இயந்திரத்தில்தான். கேட்காவிட்டால் வழக்கமானதைச் செய்து அனுப்பிவிடுவார்கள். எண்ணிக்கை 1,740 வந்தது. கேள்வி தீர்ந்தது. இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்த வீட்டுக்கு ஒரே பதில் கிடைத்தது. நாற்றுப் பறிக்கப் போகாததும் கோயிலுக்குப் போகாததும் வயதினால் அல்ல என்று மகனுக்கு அன்றுதான் விளங்கியது.

பம்பிங்கே குறைந்துவிட்டவர்களுக்கு வேறு வழி. நீடாமங்கலத்து விவசாயி ஒருவருக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தது. பம்பிங் 30 சதவீதம். பரப்பளவு 0.8, சராசரி அழுத்தம் 22. வால்வு உண்மையாகவே குறுகிப்போய் இதயத்தைக் களைக்க வைத்ததா, அல்லது இதயம் பலவீனமாக இருப்பதால் நல்ல வால்வை முழுசாகத் திறக்க முடியவில்லையா? முதலாவது என்றால் வால்வை மாற்றினால் இதயம் தேறும். இரண்டாவது என்றால் மாற்றுவதில் பெரிய பயன் இல்லை. இதை அவருக்கு எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டே ஷட்டரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர் பிடித்துக்கொண்டார். "முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாளில் வாய்க்காலில் கணுக்கால் அளவுதான் ஓடும். அப்போது ஷட்டர் அடைத்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று கடைமடையில் நின்று வேகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அம்மா. ஆறு நிறைய வரட்டும், அப்போது தெரியும்." டோபுட்டமின் எக்கோ செய்வது அதைத்தான். டோபுட்டமினைச் சொட்டு மருந்தாகக் குறைந்த அளவில், படிப்படியாக, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு அதிகபட்சம் 20 மைக்ரோகிராம் வரை ஏற்றி இதயத்தை ஊக்கப்படுத்தி, ஓட்டம் கூடும்போது பார்க்கிறோம். வேகம் 4-ஐ எட்டியும் பரப்பளவு 1-க்குக் கீழேயே நின்றால் வால்வு உண்மையாகவே சுருங்கியது. பரப்பளவு விரிந்து அழுத்தம் அப்படியே இருந்தால் வால்வின்மேல் குற்றமில்லை. ஓட்டம் ஐந்தில் ஒரு பங்குகூட ஏறாவிட்டால் இந்தப் பரிசோதனை பதில் சொல்லாது; மறுபடி கால்சியம் சி.டி.யிடம்தான் போக வேண்டும். இது மருத்துவர் பக்கத்திலேயே நின்று, அவசரச் சிகிச்சைக்கான ஏற்பாடுகளோடு செய்ய வேண்டிய பரிசோதனை.

"ஆஞ்சியோ பண்ணிப் பார்த்துவிட்டால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆஞ்சியோ காட்டுவது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோனரிக் குழாய்களை. வால்வு மாற்றும் முன் அதில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்தான். ஆனால் அதே கதீட்டரைச் சுருங்கிய வால்வுக்குள் நுழைத்து அழுத்தம் அளப்பது வேறு காரியம். ஜெர்மனியில் செய்த ஆய்வு ஒன்று 2003-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அப்படி வால்வைக் கடந்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு மூளையில் புதிய அடைப்புத் தடயங்கள் எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தன, 3 சதவீதம் பேருக்கு வெளிப்படையான நரம்புக் குறைபாடே வந்தது. கால்சியத் துணுக்குகள் பெயர்ந்து மேலே போய்விடுகின்றன. எக்கோவும் கால்சியம் சி.டி.யும் தீர்க்க முடியாத அபூர்வமான நேரத்துக்கு மட்டுமே இதை ஒதுக்கி வைக்க வேண்டும். "இறுதித் தீர்ப்பு" என்று இதற்கு இங்கே இன்னும் இருக்கும் மரியாதை என்னை வருத்தப்படுத்துகிறது.

எம்.ஆர்.ஐ. பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இதயத் தசையில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை அதைப்போல் காட்டும் கருவி வேறில்லை. சுவர் தடித்து, ஈ.சி.ஜி.யில் மட்டும் அலைகள் சிறுத்து இருந்தால் அமிலாய்டு என்ற புரதம் தசையில் படிந்திருக்குமோ என்று ஆராயவும் உதவும். ஆனால் வால்வு வழியே பாயும் உச்ச வேகத்தை அது குறைத்துக் காட்டும். நெடுநேரம் படுத்து, திரும்பத் திரும்ப மூச்சைப் பிடிக்கவும் வேண்டும். இளைப்போடு வருகிற முதியவருக்கு அது சுலபமல்ல. சுருக்கத்தை அளப்பதற்காக மட்டும் நான் எம்.ஆர்.ஐ. எழுதுவதில்லை.

வால்வை மாற்றுவது என்று முடிவான பிறகு, தொடை வழியாகக் குழாய் மூலம் வால்வு பொருத்துவதானால் சாய மருந்து ஏற்றிய சி.டி. கட்டாயம். 2002 ஏப்ரல் 16 அன்று பிரான்சின் ரூவான் நகரத்தில் அலன் கிரிபியே முதன்முதலில் செய்து காட்டிய முறை இது. வால்வு உட்காரும் வளையம் முட்டை வடிவில் இருப்பதால் எக்கோவில் ஒரு குறுக்கு அளவை மட்டும் எடுத்தால் புதிய வால்வு சிறிதாகிவிடும் அல்லது பெரிதாகிவிடும். கரோனரிக் குழாய் எவ்வளவு உயரத்தில் கிளைக்கிறது, தொடைக் குழாய் அந்தக் கருவி போகும் அளவுக்கு அகலமா என்பதும் அதில்தான் தெரியும். ஆக, சாய சி.டி. வேண்டியதுதான், அதற்கான நேரம் வந்த பிறகு. சுருக்கம் கடுமையா என்றே முடிவாகாத நிலையில் சிறுநீரகம் பலவீனமான ஒருவருக்கு முதல் வாரத்திலேயே சாயத்தை ஏற்றி அனுப்புவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

இதுவரை சொன்னது முதியவர்களின் அயோர்ட்டிக் வால்வு. டெல்டாவின் கிராமங்களிலிருந்து முப்பது வயதுப் பெண்கள் இன்னும் மைட்ரல் வால்வு சுருங்கி வருகிறார்கள். சிறுவயதில் தொண்டைப் புண்ணுக்குப் பின் வந்த ருமாட்டிக் காய்ச்சலின் மிச்சம் அது. பலருக்கு முதல் கர்ப்பத்தில்தான் தெரியவரும்; இரத்த ஓட்டம் கூடும்போது திடீரென்று மூச்சு முட்டும், "கர்ப்பத்தில் அப்படித்தான் இருக்கும்" என்று மாமியாரும் அம்மாவும் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இங்கே கருவிகளின் வரிசையே மாறுகிறது. கால்சியம் எண்ணிக்கை இதற்குப் பயன்படாது. இதழ்களின் நுனியை நேராகக் குறுக்காக வெட்டிப் பார்த்து, வால்வின் வாயைச் சுற்றிக் கோடு வரைந்து பரப்பளவை அளப்பதுதான் நம்பகமான வழி. 1.5 சதுர சென்டிமீட்டரும் அதற்குக் கீழும் கடுமை. கதிர்வீச்சு இல்லாத எக்கோவே கர்ப்பிணிக்கும் போதும். 1984-இல் ஜப்பானின் கான்ஜி இனோவே அறிமுகப்படுத்திய பலூன் முறையில் இந்த வால்வை நெஞ்சைத் திறக்காமலே விரித்துவிடலாம். ஆனால் அதற்கு முன் இடது மேலறையின் மூலையில் இரத்தக் கட்டி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மார்பின் மேலிருந்து பார்க்கும் எக்கோவுக்கு அந்த மூலை சரியாகத் தெரியாது. அங்கே உணவுக்குழாய் வழி எக்கோவைத் தவிர்க்க முடியாது. தொண்டைக்குள் குழாய் விடுவதை எண்ணிப் பயந்து மறுக்கும் பெண்களிடம் நான் உட்கார்ந்து பேசுகிறேன். கட்டி இருப்பது தெரியாமல் பலூனை விட்டால் அது பெயர்ந்து மூளைக்குப் போகலாம் என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

எக்கோ எடுத்து முடித்ததும் ரிப்போர்ட்டில் இவை இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள்: எடுத்தபோது இருந்த இரத்த அழுத்தம், உயரமும் எடையும், உச்ச வேகம் எந்த இடத்திலிருந்து கிடைத்தது என்பது, சராசரி அழுத்தம், இரத்தம் வெளியேறும் பாதையின் விட்டம், ஒரு துடிப்புக்கு வெளியேறும் அளவு. நாடி ஒழுங்கில்லாதவர் என்றால் ஒரு துடிப்பை மட்டும் அளக்காமல் பல துடிப்புகளின் சராசரியை எடுத்திருக்க வேண்டும். கேட்பதில் தயக்கம் வேண்டாம். கேட்டால் நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். பழைய ரிப்போர்ட்டுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த நோயில் உச்ச வேகம் சராசரியாக ஆண்டுக்கு 0.3 மீட்டர் அளவில் ஏறும். லேசானவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும், நடுத்தரமானவர்களுக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையும், அறிகுறி இல்லாத கடுமையானவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள்ளும் மறுபடி பார்த்தால் போதும். போன ஆண்டு 3.2 இருந்தது இந்த ஆண்டு 3.8 என்றால், இரண்டுமே நடுத்தரம்தான் என்றாலும், நான் அடுத்த தேதியை முன்னுக்குக் கொண்டுவருவேன்.